வரும் குழாயும் போகும் குழாயும்

'புகைபோக்கி' என்னும் தமிழ்ச் சொல்லை நாம் நின்று எண்ணிப் பார்ப்பதில்லை. ஆங்கிலத்தில் இதற்கு ஈடாக வழங்கும் 'சிம்னி' என்னும் சொல், உலை என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து புறப்பட்டு, இலத்தீன் வழியாகவும் பிரெஞ்சு வழியாகவும் இங்கிலாந்து வந்து சேர்ந்தது. அங்கே நெருப்பு இருக்கும் இடம் பெயர் பெற்றது. நம் மொழியிலோ புகையைப் போக்கும் செயல் பெயர் பெற்றது. சொல்லாய்வின் அளவிலேயே நின்றுவிடக்கூடிய இச்சிறு வேறுபாடு, மேலைநாட்டு வீடுகளில் எரிவாயு நுழைந்த வரலாற்றைப் படிக்கும்போது வேறொரு பொருள் கொள்கிறது. ஏனெனில் அவ்வரலாறு முழுவதும், நெருப்பைப் பற்றி மிகுதியாகவும் போக்குவதைப் பற்றிக் குறைவாகவும் சிந்தித்த மனிதர்களின் வரலாறாகவே நமக்குத் தோன்றுகிறது.

வெப்ப நாட்டில் வாழும் நமக்கு, வீட்டைச் சூடாக்குவதற்கென ஒரு கருவி தேவைப்படுவதே வியப்பாக இருக்கலாம். பிரிட்டனின் பெரும்பான்மை வீடுகளில் சமையலறை மூலையிலோ மாடிப்படியின் கீழோ ஒரு வெள்ளைப் பெட்டி சுவரில் தொங்கும். அதைப் 'பாய்லர்' என்பர். நாம் கொதிகலன் எனலாம். உள்ளே எரிவாயு எரிகிறது. அந்த வெப்பத்தில் நீர் சூடாகி, அறைதோறும் சுவரோரம் நிற்கும் இரும்புத் தகடுகளுக்குள் ஓடி, வெப்பத்தை அங்கே விட்டுவிட்டுத் திரும்புகிறது. நீர்க்குழாய்களைத் தள்ளிவிட்டுப் பார்த்தால் அப்பெட்டியின் உயிர் இரண்டு குழாய்களில் இருக்கிறது. ஒன்று வாயுவைக் கொண்டுவருகிறது. மற்றொன்று எரிந்ததன் மிச்சத்தைக் கொண்டுபோகிறது. வரும் குழாய்க்கு முதலீடும் அரச பட்டயமும் விளம்பரமும் கிடைத்தன. போகும் குழாய்க்குரிய கவனம், பலமுறை, மரணங்களுக்குப் பின்னரே கிடைத்தது. இவ்விரு குழாய்களின் கதையைச் சற்று விரிவாகக் காண்போம்.

கரியும் சிறுவர்களும்

எரிவாயுவுக்கு முன்னர் பிரிட்டனின் வீடுகளை ஆண்டது நிலக்கரி. அதன் புகை வீட்டுக்குள்ளேயே திரும்பி வருவது அன்றாடத் தொல்லை. பெரிய வாய் திறந்து நின்ற அடுப்பங்கணப்புகள் வெப்பத்தின் பெரும்பகுதியைக் கூரைக்கு மேலே அனுப்பிவிட்டு, புகையை மட்டும் அறைக்குள் விட்டுச்சென்றன. 1796இல் ரம்ஃபர்டு பிரபு இதற்கொரு தீர்வு கண்டார். கணப்பின் உட்பகுதியைச் சிறிதாக்கி, புகை மேலேறும் தொண்டையைக் குறுக்கினால் புகை விரைந்து ஏறும். வெப்பமும் அறைக்குள் திரும்பும் என்றார். அவருடைய கணப்பு எவ்வளவு பரவிற்று என்பதற்கு இலக்கியச் சான்றே உண்டு. ஜேன் ஆஸ்டினின் 'நார்த்தாங்கர் ஆபி' நாவலில், பழங்கால மாளிகையின் மர்மங்களை எதிர்பார்த்து வரும் கதாநாயகி, அங்கே ரம்ஃபர்டு கணப்பைக் கண்டு ஏமாற்றமடைகிறாள்.

ஆனால் குறுகிய புகைபோக்கிகளில் கரி படிந்தது. அதைச் சுரண்ட ஒடுங்கிய உடல்கள் தேவைப்பட்டன. ஏழைச் சிறுவர்களைப் புகைபோக்கிக்குள் ஏறவிடும் வழக்கம் இங்கிலாந்தில் நெடுங்காலம் நீடித்தது. 1788, 1834, 1840, 1864 எனச் சட்டங்கள் வந்தன. எவையும் முழுமையாக நடைமுறைக்கு வரவில்லை. வில்லியம் பிளேக் அச்சிறுவர்களைப் பற்றி ஒரே தலைப்பில் இரு கவிதைகள் எழுதினார். 1863இல் நூலாக வந்த சார்லஸ் கிங்ஸ்லியின் 'வாட்டர் பேபீஸ்' கதையின் நாயகனும் அத்தகைய சிறுவனே. 1875இல் கேம்பிரிட்ஜ் அருகே ஒரு மருத்துவமனையின் புகைபோக்கியில் சிக்கி ஒரு சிறுவன் இறந்த பின்னரே, சட்டம் உண்மையில் பல் முளைத்து எழுந்தது. வெளியேறும் வழியின் விலையை யார் கொடுத்தார்கள் என்பதற்கு இது முதற்சான்று.

துப்பாக்கிக் குழல்கள்

இதற்கிடையில் வரும் குழாய் பிறந்துவிட்டது. ஜேம்ஸ் வாட்டின் நீராவி எந்திர நிறுவனத்தில் பணியாற்றிய ஸ்காட்லாந்துக்காரர் வில்லியம் மர்டாக், 1792இல் கார்ன்வாலின் ரெட்ரூத் ஊரில் தம் வீட்டுக்கு நிலக்கரி வாயுவால் விளக்கேற்றினார். காற்றுப் புகாத கலத்தில் நிலக்கரியைச் சுட்டால் வெளிவரும் வாயுவைக் குழாய் வழியே கொண்டுசென்று எரிக்கலாம் என்பதே அவர் கண்ட உண்மை. பிரான்சில் ஃபிலிப் லெபோன் 1799இல் இதையொத்த கருவிக்கு உரிமம் பெற்றார். அதற்கு அவர் இட்ட பெயரிலேயே வெப்பமும் விளக்கும் சேர்ந்திருந்தன. ஒளியோடு கதகதப்பையும் ஒரே குழாயில் வீட்டுக்கு அனுப்பலாம் என்ற கனவு, வாயுத் தொழிலின் தொட்டிலிலேயே இருந்தது என்பதை நாம் மறக்கலாகாது. எனினும் அக்கனவு நனவாக ஒன்றரை நூற்றாண்டு காத்திருக்க வேண்டியிருந்தது.

ஜெர்மனியிலிருந்து வந்த ஃபிரெடரிக் வின்சர் 1807இல் லண்டனின் பால் மால் தெருவில் வாயு விளக்குகளை ஏற்றிக் காட்டினார். 1812இல் 'கேஸ் லைட் அண்ட் கோக் கம்பெனி' அரச பட்டயம் பெற்றது. 1813ஆம் ஆண்டின் கடைசி நாளில் வெஸ்ட்மின்ஸ்டர் பாலம் வாயு ஒளியில் நின்றது. நாவலாசிரியர் வால்டர் ஸ்காட் 1820களில் தம் அபட்ஸ்ஃபர்டு மாளிகைக்கு, எண்ணெயிலிருந்து எடுத்த வாயுவால் விளக்கேற்றிக்கொண்டார். இடைக்கால வீரர்களின் கதைகளை எழுதிய பேனாவுக்குப் புத்தம்புதிய ஒளி துணையிருந்தது.

தெருவுக்கடியில் வார்ப்பிரும்புக் குழாய்கள் ஓடின. வீட்டுக்குள் செல்லும் சிறு குழாய்க்கு எங்கே போவது? நெப்போலியனோடு நடந்த போர்கள் முடிந்து, பயனற்றுக் குவிந்திருந்த துப்பாக்கிகளின் குழல்களை முனையோடு முனை திருகிப் பொருத்திக் குழாயாக்கினர். கொலைக்கருவி விளக்குக் குழாயான இந்த மாற்றத்தின் தடம் இன்றும் மொழியில் மிஞ்சியிருக்கிறது. பிரிட்டனின் குழாய்ப் பணியாளர்கள் இரும்புக் குழாயை இன்றுவரை 'பேரல்' என்கிறார்கள். துப்பாக்கிக் குழலுக்கும் அதே சொல்தான். 1825இல் கார்னீலியஸ் ஒயிட்ஹவுஸ், இரும்புப் பட்டையைச் சூடாக்கி வளைத்து விளிம்புகளை ஒட்டவைக்கும் முறைக்கு உரிமம் பெற்றதும் நீளமான குழாய்கள் மலிவாகக் கிடைத்தன. 1841இல் ஜோசப் விட்வர்த் திருகுமரைகளுக்கு ஒரே அளவை முன்மொழிந்தார். ஓர் ஊரில் செய்த குழாய் இன்னோர் ஊரில் செய்த மூட்டில் பொருந்தத் தொடங்கியது.

வரும் குழாய் இவ்வாறு வளர்ந்தது. அவ்வாயு எரிந்தபின் என்ன ஆகும் என்ற கேள்வி மட்டும் எழவில்லை. விளக்குச் சுடர் சிறிது, அறை பெரிது, கதவிடுக்குகளோ பல. ஆகவே எரிந்த மிச்சம் அறைக்குள்ளேயே கலந்தது. தங்கமுலாம் கருத்தது, திரைச்சீலைகள் நைந்தன, தலை வலித்தது. அவற்றைப் புதுமையின் சிறு கட்டணமாகவே அக்கால மக்கள் ஏற்றுக்கொண்டனர்.

குளியலறைக்கு வந்த ஊற்று

சுடர் பெரிதானபோதுதான் ஆபத்தும் பெரிதாயிற்று. 1826இல் நார்த்தாம்ப்டனைச் சேர்ந்த ஜேம்ஸ் ஷார்ப் வாயு அடுப்பொன்றைச் செய்தார். 1855இல் ராபர்ட் பன்சன், எரிவதற்கு முன்னரே வாயுவோடு காற்றைக் கலக்கும் பர்னரைப் பரப்பினார். மஞ்சள் சுடர் நீலமாகி, ஒளி குறைந்து வெப்பம் மிகுந்தது. வாயு இனி விளக்கு மட்டுமன்று, அது உலை.

1868இல் லண்டனில் வண்ணம் பூசும் தொழிலைச் செய்துவந்த பெஞ்சமின் வாடி மாகன், திறந்தவுடன் வெந்நீர் தரும் வாயுக் கருவி ஒன்றுக்கு உரிமம் பெற்றார். ஐஸ்லாந்தில் நிலத்தைப் பிளந்து பீறிடும் வெந்நீர் ஊற்றின் பெயரை அதற்குச் சூட்டினார்: கீசர். ஆம், இன்று நம் ஊர்க் கடைகளிலும் குளியலறைகளிலும் நாள்தோறும் புழங்கும் அதே சொல்தான். மின்சாரத்தில் இயங்கும் தண்ணீர்ச் சூடாக்கியையும் நாம் அப்பெயராலேயே அழைக்கிறோம். ஓர் ஐஸ்லாந்து ஊற்றின் பெயர் லண்டன் வழியாகத் தமிழகக் குளியலறை வரை வந்து சேர்ந்திருக்கிறது.

மாகனின் கருவியில் ஒரு குறை இருந்தது. அதில் புகைபோக்கி இல்லை. எரிந்தது அனைத்தும் குளிப்பவரின் அறையிலேயே தங்கியது. குளிருக்கு அஞ்சிச் சன்னலைச் சாத்திக்கொள்ளும் சிறிய அறையில், பெரிய சுடரொன்று காற்றிலுள்ள ஆக்சிஜனைத் தின்றுகொண்டிருந்தால் என்ன நேரும்? அதை அறிய வேதியியலைச் சிறிது தொட்டாக வேண்டும்.

மணமில்லாப் பகை

எரிபொருளுக்குப் போதிய காற்று கிடைத்தால் அதிலுள்ள கரி முழுதும் எரிந்து கரியமில வாயுவாகும். காற்று குறைந்தால் பாதியில் நின்று கார்பன் மோனாக்சைடாகும். இன்றைய இயற்கை எரிவாயு ஒரு கனமீட்டர் நன்றாக எரிய ஏறத்தாழப் பத்துக் கனமீட்டர் காற்று வேண்டும். புகைக்குழாய் அடைபட்டால் மிச்சம் வெளியே போகாது. மிச்சம் போகாவிட்டால் புதுக்காற்று உள்ளே வராது. போகும் வழியை அடைப்பது வரும் வழியை அடைப்பதே ஆகும். இந்த எளிய உண்மையை உணர்ந்தோர் நெடுங்காலம் வரை மிகச் சிலரே.

கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. பிரெஞ்சு உடலியலாளர் கிளாட் பெர்னார்டு 19ஆம் நூற்றாண்டின் நடுவில் அது இரத்தத்தில் ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்வதைக் கண்டறிந்தார். இரத்தத்தின் சிவப்பணுப் பொருளோடு அது பிணையும் வலிமை ஆக்சிஜனைப்போல் இருநூறு மடங்குக்கும் மேல். ஜான் ஸ்காட் ஹால்டேன் என்னும் அறிஞர் அவ்வாயுவைத் தாமே முகர்ந்து, தம் இரத்தத்தைத் தாமே சோதித்து, 1895இல் முடிவுகளை வெளியிட்டார். நிலக்கரிச் சுரங்க வெடிப்புகளில் மாண்டவர்களுள் பெரும்பாலோர் வெடியால் அல்ல, அதன்பின் சூழ்ந்த இவ்வாயுவால் இறந்தனர் என்று நிறுவியவரும் அவரே. சுரங்கத்துக்குள் சிறு பறவைகளைக் கொண்டுசெல்லும் வழக்கம் அவருடைய பரிந்துரையில் வேரூன்றியது. பிரிட்டனில் அது 1986 வரை நீடித்தது. பின்னாளில் இந்தியக் குடியுரிமை பெற்று 1964இல் புவனேசுவரத்தில் மறைந்த உயிரியலாளர் ஜே.பி.எஸ். ஹால்டேன் இவருடைய மகன்.

அறிவியல் அறிந்திருந்தும் வீடுகள் அறியவில்லை என்பதற்கு இலக்கிய உலகமே சாட்சி. 1902ஆம் ஆண்டு செப்டம்பர் இறுதியில் எமிலி ஸோலாவும் மனைவி அலெக்சாந்திரினும் மெதான் கிராமத்து வீட்டிலிருந்து பாரிஸ் இல்லத்துக்குத் திரும்பினர். படுக்கையறையின் ஈரம் போகக் கரிக்கணப்பில் தீ மூட்டப்பட்டது. இரவில் இருவருக்கும் உடல்நலம் குன்றியது. உணவு ஒத்துக்கொள்ளவில்லை என்று எண்ணிய ஸோலா பணியாளர்களை எழுப்ப வேண்டாமென்றார். சன்னலைத் திறக்க எழுந்தவர் தரையில் விழுந்தார். 29ஆம் தேதி காலை கதவை உடைத்துத் திறந்தபோது அவர் மாண்டிருந்தார், அலெக்சாந்திரின் பிழைத்துக்கொண்டார். புகைபோக்கி அடைபட்டிருந்ததே காரணம்.

விசாரணையின்போது அதே அறையில் மீண்டும் தீ மூட்டிச் சிறு விலங்குகளை விட்டுப் பார்த்தனர், அவை பிழைத்தன. விபத்து என்று முடிவாயிற்று. ஆனால் டிரைஃபஸ் என்னும் யூதப் படையதிகாரிக்கு நேர்ந்த அநீதியை எதிர்த்து 1898 சனவரியில் பகிரங்கக் கடிதம் எழுதிய ஸோலாவுக்கு எதிரிகள் குறைவில்லை. 1953இல் பாரிஸ் நாளேடொன்று புதிய செய்தி வெளியிட்டது: பக்கத்து வீட்டுக் கூரையில் வேலைசெய்த ஒருவர், அப்புகைபோக்கியை வேண்டுமென்றே அடைத்து மறுநாள் திறந்துவிட்டதாக நண்பரிடம் ஒப்புக்கொண்டாராம். உண்மை எதுவாயினும் ஒன்று தெளிவு. நாடே அஞ்சிய ஒரு பேனாவை நிறுத்த, புகை போகும் வழியில் சிறு அடைப்புப் போதுமானதாக இருந்தது.

நகரம் மூச்சுத்திணறியபோது

வீட்டுப் புகைபோக்கிகள் ஒழுங்காக வேலை செய்தாலும் புகை எங்கே போகிறது என்ற கேள்வி எஞ்சுகிறது. ஒவ்வொரு வீடும் தன் புகையை வெளியே தள்ளியது. ஆனால் நகரத்துக்கு வெளியே என்று ஓர் இடம் இல்லை. 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை லண்டன் மீது குளிர்காற்று அசையாமல் தங்கிற்று. இலட்சக்கணக்கான கரிக்கணப்புகளின் புகை பனியோடு கலந்து நகரை மூடியது. முதலில் ஏறத்தாழ 4,000 பேர் மாண்டனர் என்று கணக்கிட்டனர். பிற்கால ஆய்வுகள் அதை 12,000 வரை உயர்த்தின. 1956இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. புகையற்ற பகுதிகள் வகுக்கப்பட்டன. நிலக்கரி மெல்ல மெல்ல வீட்டைவிட்டு வெளியேற, லெபோன் கண்ட கனவுக்கு வாசல் திறந்தது.

அதுவரை குழாயில் வந்தது நிலக்கரி வாயு. அதில் ஏறத்தாழப் பாதி ஹைட்ரஜன். பத்தில் ஒரு பங்களவு கார்பன் மோனாக்சைடு. அதாவது, எரிந்தபின் பிறக்கும் நஞ்சு எரியும் முன்னரே குழாயில் குடியிருந்தது. 1965இல் வடகடலின் அடியில் இயற்கை எரிவாயு கண்டுபிடிக்கப்பட்டது. அதைக் கண்ட 'சீ ஜெம்' துளைமேடை அவ்வாண்டு டிசம்பர் 27ஆம் நாள் சரிந்து 13 பேரைப் பலிகொண்டது. 1967இல் அவ்வாயு கரை சேர்ந்தது. அதில் கார்பன் மோனாக்சைடு இல்லை. ஒரே அளவு வாயுவில் வெப்பம் ஏறத்தாழ இருமடங்கு.

ஆனால் பழைய பர்னரில் புதிய வாயு எரியாது. துளையின் அளவு, அழுத்தம், கலக்கும் காற்று அனைத்தும் மாறவேண்டும். ஆகவே 1967 முதல் 1977 வரை பணியாளர்கள் தெருத்தெருவாக, வீடுவீடாகச் சென்று ஏறத்தாழ 1 கோடியே 30 இலட்சம் வாடிக்கையாளர்களின் ஏறத்தாழ 4 கோடிக் கருவிகளை மாற்றியமைத்தனர். போரற்ற காலத்தில் ஒரு நாடு தன் ஒவ்வொரு சமையலறைக்குள்ளும் நுழைந்து செய்த வேலைகளுள் இதற்கு இணை அரிது. எதிர்பாராத இடையூறுகளும் வந்தன. பழைய வார்ப்பிரும்புக் குழாய்களின் மூட்டுகளில் சணல் திரி அடைத்திருந்தனர். நிலக்கரி வாயுவின் ஈரத்தில் அது ஊறிப் பருத்து மூட்டை அடைத்துநின்றது. கடலிலிருந்து வந்த வாயுவோ உலர்ந்தது. திரி காய்ந்து சுருங்க, மண்ணுக்கடியில் மூட்டுகள் கசிந்தன.

இம்மாற்றத்தின் மற்றொரு விளைவைக் கவனத்தோடு சொல்லவேண்டும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1963இல் 5,714ஆக இருந்த தற்கொலைகள் 1975இல் 3,693ஆகக் குறைந்தன. வீட்டு வாயுவில் நஞ்சு இல்லாமற்போனதே இதன் முதன்மைக் காரணம் என்று ஆய்வாளர்கள் காட்டினர். உயிரைவிட முடிவு செய்தவர் எப்படியும் வேறு வழி தேடிக்கொள்வார் என்ற பரவலான எண்ணத்தை இவ்வெண்கள் மறுத்தன. நெருக்கடியான ஒரு பொழுதைக் கடந்துவிட்டவர்கள் பலர் வாழ்ந்தார்கள். குழாயில் வருவது என்ன என்பதும் உயிர்காக்கும் கேள்வியே.

ஒரு பித்தளை நட்டு

வரும் குழாயும் தன் பாடத்தை ஒரு நாள் விடியலில் கற்பித்தது. கிழக்கு லண்டனில் ரோனன் பாயின்ட் என்னும் 22 மாடிக் குடியிருப்பு திறக்கப்பட்டு இரண்டு மாதங்களே ஆகியிருந்தன. 1968 மே 16 காலை ஆறு மணிக்குச் சற்று முன்னர், 18ஆம் மாடியில் வாழ்ந்த பெண்மணி ஒருவர் தேநீருக்காகத் தீக்குச்சி கிழித்தார். இரவெல்லாம் கசிந்து நிரம்பியிருந்த வாயு வெடித்தது. அவர் உயிர் தப்பினார். ஆனால் சுவர்ப் பலகை வெளியே தள்ளப்பட, மேல்மாடிகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து கட்டடத்தின் ஒரு மூலை முழுவதும் சரிந்தது. 4 பேர் மாண்டனர்; 17 பேர் காயமுற்றனர். அடுப்பையும் வாயுக் குழாயையும் இணைத்த தரம் குறைந்த ஒரு பித்தளை நட்டு உடைந்ததே கசிவுக்குக் காரணம் என்று விசாரணை கண்டது.

கட்டடப் பொறியியலில் இந்நிகழ்ச்சி ஏற்படுத்திய மாற்றங்கள் நூல்களில் விரிவாக உள்ளன. நம் கதைக்கு வேண்டியது வேறு. யார் வேண்டுமானாலும் வாயுக் குழாயைத் தொடலாம் என்ற நிலை அதோடு முடியத் தொடங்கிற்று. 1970இல் வாயுப் பணியாளர்களைப் பதிவுசெய்யும் 'கார்கி' அமைப்பு தோன்றியது. 1972இல் வாயுப் பாதுகாப்பு விதிகள் வந்தன. 1991இல் பதிவு கட்டாயமானது. 2009இல் பிரிட்டனில் அப்பதிவேட்டின் இடத்தை 'கேஸ் சேஃப் ரெஜிஸ்டர்' ஏற்றது.

அத்தகைய பணியாளர் இன்று என்ன செய்கிறார் என்பதைப் பார்த்தால், இருநூறு ஆண்டு அனுபவம் எத்தகைய எளிய சடங்குகளாகச் சுருங்கியுள்ளது என்பது விளங்கும். அளவியிலிருந்து கொதிகலன் வரை குழாய் போகும் தொலைவையும் அதிலுள்ள வளைவுகளையும் எண்ணுகிறார். ஒவ்வொரு வளைவும் அழுத்தத்தில் சிறிது தின்னும். வழியில் இழப்பு ஒரு மில்லிபாருக்குமேல் போகாதபடி குழாயின் விட்டத்தை முடிவுசெய்கிறார். பழைய கருவிக்குப் போதுமாயிருந்த 15 மில்லிமீட்டர்ச் செப்புக்குழாய் புதியதற்குப் போதாமல் 22 ஆகவேண்டியிருக்கலாம். பிறகு 'ப' வடிவக் கண்ணாடிக் குழாயில் நீர் ஊற்றி, வாயுவின் அழுத்தத்தில் இருபுற நீர்மட்டமும் ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் வேறுபட்டு நிற்கச் செய்து, வால்வை மூடுகிறார். முதல் நிமிடம் நிலைகொள்ள. அடுத்த இரு நிமிடம் காத்திருக்க. புதிய குழாயில் நீர்மட்டம் இறங்கலாகாது. அறைக்காற்றில் எரியும் பழைய வகைக் கருவியாயின், கதவு சன்னல்களைச் சாத்திப் புகையும் குச்சியொன்றைப் புகைக்குழாயின் வாயருகே பிடிக்கிறார். புகை உள்ளே இழுபட்டு மேலே போனால் வீடு மூச்சுவிடுகிறது. அறைக்குள் திரும்பினால் கருவியை நிறுத்திவிடுகிறார். எவ்வளவு நுண்கருவிகள் வந்தாலும் கடைசிச் சாட்சி, ஒரு புகையிழை எத்திசையில் சாய்கிறது என்பதே.

குளிர்ந்த புகையும் மறைந்த குழாயும்

போகும் குழாயும் வடிவம் மாறிற்று. இயற்கை எரிவாயு எரியும்போது ஒரு கனமீட்டருக்கு ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ நீராவி பிறக்கிறது. அது பழைய செங்கல் புகைபோக்கிகளில் குளிர்ந்து சுண்ணச்சாந்தை அரித்தது. எனவே உள்ளே உலோகக் குழாய் செருகினர். பின்னர் புகைபோக்கியையே விட்டுவிட்டுச் சுவரைத் துளைத்தனர். ஒரு குழாய்க்குள் மற்றொரு குழாய். உட்குழாய் மிச்சத்தை வெளியேற்ற, வெளிக்குழாய் காற்றை உள்ளே இழுக்கும். இரண்டும் ஒரே இடத்தில் திறப்பதால் புயல் வீசினாலும் அழுத்தம் இருபுறமும் சமமாகும். அறையின் காற்றுக்கும் சுடருக்கும் உறவே இல்லை. போவதும் வருவதும் ஒரே அமைப்பின் இரு பாதிகள் என்ற உண்மை அங்கே உருவம் பெற்றது.

2005 ஏப்ரல் முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் புதிதாகப் பொருத்தும் எரிவாயுக் கொதிகலன்கள், மிகச் சில விலக்குகள் நீங்கலாக, நீராவியைக் குளிரவைத்து அதன் வெப்பத்தையும் மீட்டெடுக்கும் வகையாக இருக்கவேண்டும் என்று விதியாயிற்று. ஸோலாவின் காலத்தில் சுட்டெரித்துச் சென்ற புகை, இன்று பிளாஸ்டிக் குழாயில் போகுமளவுக்குக் குளிர்ந்துவிட்டது. அதிலிருந்து சொட்டும் சிறிது அமிலநீர் போகவும் மூன்றாவதாக ஒரு குழாய் வேண்டும். 2010 டிசம்பர்க் கடுங்குளிரில் பல வீடுகளில் அச்சிறு குழாய் உறைந்து அடைபட, கொதிகலன்கள் நின்றுபோயின. போகும் வழியை மறந்தால் நெருப்பே அணைந்துவிடும் என்று பனி வந்து நினைவூட்டிச் சென்றது.

அதனினும் கடுமையான பாடம் 2008இல் வந்தது. இங்கிலாந்தில் ஒரு புதிய குடியிருப்பில் புகைக்குழாய் கூரைப்பலகைக்கு மேலே மறைவாக ஓடியது. அதன் மூட்டு கழன்றிருந்தது. யாரும் பார்க்கவில்லை, பார்க்க வழியும் இல்லை. ஓர் இளம்பெண் உயிரிழந்தார். மறைந்தோடும் புகைக்குழாய்களைக் கண்ணால் பார்க்கச் சிறு கதவுகள் வேண்டுமென்றும், 2013 சனவரி முதல் அவை இல்லாத கொதிகலன்களைப் பணியாளர் நிறுத்திவிட வேண்டுமென்றும் அதன்பின்னர் முடிவாயிற்று. அழகுக்காக மறைத்ததை உயிருக்காகத் திறக்கவேண்டியதாயிற்று.

குளிர்நாட்டுக் கதைதானே என்று நாம் இதை ஒதுக்கிவிட இயலாது. இந்திய நகரங்களில் உருளையில் இணைத்த வாயுக் கீசர்கள், காற்றோட்டமற்ற சிறு குளியலறைகளில், இளம் தம்பதியரையும் மாணவர்களையும் பலிகொண்ட செய்திகள் குளிர்காலந்தோறும் நாளேடுகளின் உள்பக்கங்களில் வருகின்றன. சமையலுக்குக் குழாய்வழி எரிவாயுவும் நம் ஊர்களுக்கு வரத்தொடங்கியுள்ளது. கீசர் என்ற சொல்லையும் கருவியையும் நாம் கடன் வாங்கினோம். மாகனின் கருவியில் இல்லாத ஒன்றை அவருடைய நாடு எத்தனை உயிர்களை இழந்து சேர்த்துக்கொண்டது என்ற அறிவையும் உடன் வாங்கியிருக்கவேண்டும்.

அதற்கு வேற்றுமொழியின் உதவிகூடத் தேவையில்லை. மண் அடுப்பு எரிந்த சமையலறைகளில், கூரையில் ஒரு திறப்பு விட்டு அதற்குப் புகைபோக்கி என்று பெயரிட்டவர்கள், வீட்டுக்குள் நெருப்பு இருக்கவேண்டுமானால் புகைக்கு வழிவிட வேண்டும் என்பதை அறிந்தே பெயரிட்டனர். புதுவீட்டுக் குளியலறையின் வரைபடத்தைப் பார்க்கும்போது, வெந்நீர் எங்கே வரும் என்று கேட்கும் நாம், எரிந்தது எங்கே போகும் என்றும் ஒருமுறை கேட்டுவிடுவோமாக.